நீந்தத் தெரியாமல் நாற்பது அடி ஆழமா?



நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் ஒரு லைக் போட்டுவிட்டு ஓடப்போகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தபோதும் அதைத்தான் செய்தீர்கள்.

பத்து நாளாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே ஸ்கூபா பேச்சு. அமெரிக்காவில் இருக்கிற கோஷ்டி கரீபியன் கடலில் பொனேர் என்ற சின்னத் தீவில் ரிசார்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டம் இல்லாத இடமாம், அமைதியாம். சென்னை, பெங்களூர் கோஷ்டி மாலத்தீவா அந்தமானா என்று ஓட்டெடுப்பு நடத்துகிறது. போய்வாருங்கள். சம்பாதிக்கிறீர்கள், செலவழிக்கிறீர்கள். வாத்தியாருக்குப் பொறாமை என்று யாரும் கமெண்ட்டில் எழுத வேண்டாம். கடலுக்கடியில் பவளப்பாறையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை ஒரே ஒரு வரியோடு. நீங்கள் மாறி மாறி அனுப்புகிற விளம்பரங்களில் எல்லாம் அந்த வரி இருக்கிறது: 'நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.' அதற்குக் கீழே நம் ஆட்கள் கைதட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். "அப்பாடா, அப்ப நானும் வரலாம்" என்று மூன்று பேர். மூன்று பேருமே காவிரிக் கரையில் பிறந்தவர்கள்.

அந்த வரி முழுப் பொய் இல்லை. அதனால்தான் ஆபத்து. பயிற்சியாளர் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள், அதாவது நாற்பது அடிக்குள், அரை மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு மேலே கொண்டுவருகிற அறிமுக டைவ் ஒன்று உண்டு. அதற்கு நீச்சல் கேட்கமாட்டார்கள். ஒழுங்காக நடத்துகிற இடங்களில் தினமும் பலர் பத்திரமாகப் போய் வருகிறார்கள். ஆனால் அதே சர்வதேசப் பயிற்சி அமைப்புகள் முறையான சான்றிதழ் கொடுப்பதற்கு முன் என்ன கேட்கின்றன தெரியுமா? 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்டு, பத்து நிமிடம் கையில் எதுவும் இல்லாமல் மிதந்து காட்டு. நீச்சல் தேவையில்லாத சங்கதி என்றால் அவர்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள்?

இங்கேதான் பாயில் விதி வருகிறது. முகத்தைச் சுளிக்காதீர்கள். வெப்பநிலை மாறாதபோது வாயுவின் கன அளவு அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். உங்களில் பாதிப் பேர் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பீர்கள், மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். இப்போது அதை உங்கள் நுரையீரலுக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மொத்தம் இரண்டு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக வந்தால் ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே வந்தால் நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். இதற்கு நாற்பது அடிகூட வேண்டாம். நின்றால் தலை தெரிகிற நீச்சல் குளத்தின் ஆழமே போதும். ஆகவே ஸ்கூபாவில் முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே.

சரி, நீச்சல் தெரியாத ஒருவனின் மூக்கில் தண்ணீர் ஏறினால் அவன் முதலில் செய்வது என்ன? மூச்சை அடக்குவான். இரண்டாவது? மேலே பாய்வான். எந்த இரண்டைச் செய்யக்கூடாதோ அந்த இரண்டையும் உடம்பு தானாகச் செய்யும். முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுவது டைவில் சர்வ சாதாரணம். நீந்தத் தெரிந்தவனுக்கு அது எரிச்சல், மூக்கால் ஊதி வெளியே தள்ளிவிடுவான். தெரியாதவனுக்கு அது மரணபயம். காலில் துடுப்பு மாட்டியிருக்கிறது, சிலிண்டரில் காற்று இருக்கிறது, பிறகு நீச்சல் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். முன்னே போவதற்காக இல்லையப்பா. தண்ணீரில் பதறாமல் இருப்பதற்காக. அந்தப் பழக்கம் படகில் வைத்துக் கொடுக்கிற பத்து நிமிட விளக்கத்தில் வராது. சின்ன வயதில் நூறு தடவை தண்ணீர் குடித்தால்தான் வரும்.

பொனேர் கோஷ்டிக்குத் தனியாக ஒன்று. நீங்கள் தேர்ந்தெடுத்த தீவின் பெருமையே கரையிலிருந்து நேராக இறங்குவதுதான். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். காரில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய், நீங்களும் உங்கள் கூட்டாளியும் மட்டும் கடலுக்குள் நடந்து இறங்கலாம். தோளைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சினனாகத்தான் இருப்பான் என்று சொல்வார்கள். தங்கை தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அசிரத்தையாக இருக்கமாட்டான் என்ற கணக்கு. உங்கள் குழுவில் மச்சினன்மார் நான்கு பேர் இருக்கிறார்கள். யார் யாருக்குக் கயிறு பிடிப்பது? அந்த நான்கு பேரில் மூவருக்கு நீந்தத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சான்றிதழ் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை விட்டுவிட்டு, இருக்கிற ஊரிலேயே நீச்சலையும் குளத்துப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இங்கே இருப்பவர்களுக்குப் புதுச்சேரியிலேயே முறையாகச் சொல்லித் தருகிறார்கள். இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். மாலத்தீவுக்குப் போய்த்தான் அரிச்சுவடி படிக்க வேண்டும் என்றில்லை.

அடுத்தது மருத்துவப் படிவம். இது என் வயதுக்காரர்களுக்கும் எனக்குக் கொஞ்சம் இளையவர்களுக்கும். டைவுக்கு முன் ஒரு தாள் நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதய அறுவை நடந்ததா, காதில் ஆபரேஷன் உண்டா, 45 வயதைத் தாண்டியவரா, தாண்டியிருந்தால் புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே இழுப்பாக இழுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஏனென்றால் 'ஆம்' என்று ஒன்று வந்தாலும் டாக்டர் சீட்டு கேட்பார்கள், கட்டிய பணம் போய்விடும். ஸ்கூபாவில் இறக்கிறவர்களைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற காரணம் சுறா இல்லை, இதயம். அதுவும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் இதயம். ஸ்டென்ட் வைத்த அத்தான் ஒருவர் குழுவில் "நானும் ரெடி" என்று போட்டிருக்கிறார். அத்தான், நீங்கள் ரெடியா என்பதை உங்கள் இதய மருத்துவர் சொல்லட்டும். இப்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஊரிலேயே டாக்டரிடம் உட்கார்ந்து நிரப்புங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால்.

பயணத் திட்டத்தையும் பார்த்தேன். நான்கு ராத்திரி, கடைசி நாள் காலையில் இரண்டு டைவ், அன்று சாயங்காலம் விமானம். யார் போட்ட திட்டம் இது? ஆழத்தில் சுவாசிக்கிற நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருகிற மாதிரி, அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள் குமிழி கிளம்பும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது நெறிமுறை. 24 மணி நேரம் விடுவது உத்தமம். ஆகவே கடைசி நாள் தண்ணீருக்குள் போகாதீர்கள், மணலில் உட்கார்ந்து இளநீர் குடியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரைக்கும் என்பதையும் பொடி எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டால் இந்தக் குமிழி வியாதியைப் பற்றிச் சொல்வார்கள். கம்ப்ரஸர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு பிழைப்புக்காக மணிக்கணக்கில் கடலடியில் கிடந்து, கைகால் விளங்காமல் போனவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்குப் படிவமும் இல்லை, காப்பீடும் இல்லை.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். மாலத்தீவுக்குப் போகிற பத்துப் பேரை விடுங்கள். போகாத பிள்ளைகளுக்கு என்ன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 38,000-க்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். உலகம் முழுதும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இறக்கிற பிள்ளைகளின் மரணக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. நம் மாவட்டப் பதிப்பு நாளிதழை எடுத்தால், மேட்டூர் திறந்த நாளிலிருந்து தை வரைக்கும் வாரம் தவறாமல் ஒரு செய்தி இருக்கும். ஒரே மாதிரிச் செய்தி: விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்த சிறுவன். ஆடிப்பெருக்குக்குக் குளிக்கப் போன அண்ணன், காப்பாற்றக் குதித்த தம்பி, அவனைக் காப்பாற்றக் குதித்த சித்தப்பா. ஒரே வீட்டில் மூன்று பாடை.

கொள்ளிடம் பார்ப்பதற்குக் கணுக்கால் தண்ணீர் மாதிரி இருக்கும். மணல் எடுத்த பள்ளம் நடுவில் கிணறு மாதிரி கிடக்கும், தண்ணீர் மூடியிருந்தால் எவனுக்கும் தெரியாது. கல்லணைக் கால்வாய் இருக்கிறதே, நாம் புதாறு என்கிறோமே, 1934-இலிருந்து ஓடுகிறது. முன்பு மண்கரை. தவறி விழுந்தாலும் ஒரு நாணல், ஒரு வேர் கைக்கு அகப்படும். இப்போது கரைக்குச் சிமெண்ட் தளம் போட்டு வழுவழு என்று ஆக்கிவிட்டார்கள். தண்ணீர் வீணாகாமல் கடைமடைக்குப் போகட்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இறங்கியவன் ஏறுவதற்கு என்ன வழி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சங்கிலியும் படியும் போதுமான இடத்தில் இருக்கிறதா என்று அடுத்த முறை பாலத்தில் போகும்போது வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் இப்படி இல்லை. அவர்கள் பட்டணம் பார்த்ததில்லை, ஆனால் புடவையோடு குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தியவர்கள். பெண்கள் படித்துறை என்று தனியே இருந்தது. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் இரண்டு வாழைத்தண்டு. ஒரு வாரத்தில் குடுக்கையை அவிழ்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான் பயிற்சி. ஆழ்குழாயும் ஷவரும் வந்தது, படித்துறை போயிற்று. குளம் சாக்கடை ஆயிற்று, கோயில் குளத்துக்குக் கம்பிவேலி போட்டுப் பூட்டினார்கள். ஸ்பெல்லிங் போட்டிக்கும் அபாகஸுக்கும் கட்டுகிற ஃபீஸில் பாதிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிடலாம். "தண்ணிப் பக்கமே போகாதே" என்று வளர்ப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஏழு கிளை ஆறும் முன்னூறு வாய்க்காலும் ஓடுகிற ஊரில் தண்ணீர்ப் பக்கம் போகாமல் எங்கே போவான் பிள்ளை?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். 'வயசுக்கு வந்த பொண்ணு, ஈர டிரஸ்ஸோட நாலு பேர் பாக்கிற இடத்தில நீந்தணுமா' என்று கேட்ட ஒரு பெரியப்பா, அதே பெண் கல்யாணத்துக்குப் பிறகு அந்தமானில் ரப்பர் உடை போட்டு எடுத்த படத்துக்கு இதயம் போட்டிருக்கிறார். பெரியப்பா, நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணை பத்து வயதில் குளத்தில் இறக்கியிருந்தால் அந்தப் படத்தில் அவள் கண்ணில் இவ்வளவு மிரட்சி இருந்திருக்காது.

பங்களாதேஷ் நம்மைவிட ஏழை நாடு, நம்மைவிடத் தண்ணீர் அதிகமுள்ள நாடு. அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, இடுப்பளவு ஆழத்தில் பிள்ளைகளை இறக்கி நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். டைல்ஸ் போட்ட நீச்சல் குளம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நடுவில் ஒரு சங்கதி, கரீபியன் என்றதும் நினைவுக்கு வந்தது. அந்தக் கடல் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. 1853-54 தொடங்கிப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களை, புதுச்சேரியிலிருந்தும் நம் பக்கத்துக் காரைக்காலிலிருந்தும் கப்பலேற்றி மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், பெயர் மாலியேமன் என்று திரிந்திருக்கிறது. அங்கே பிறந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கேட்டு 1904-இலிருந்து வழக்காடிய ஹென்றி சிதம்பரம் நம் வம்சாவளிதான். பொனேரில் ஒரு வாரம் இருக்கிறவர்கள், விமானம் ஒத்துவந்தால் அங்கேயும் இரண்டு நாள் போய்ப் பாருங்கள். மாரியம்மன் கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வாருங்கள், எங்கள் சார்பாக.

பொனேரைப் பற்றி எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர்கள் 1979-லேயே தீவைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். பவளப்பாறையில் நங்கூரம் போடக்கூடாது. கையுறை போடக்கூடாது, போட்டால் எதையாவது தொடத் தோன்றுமாம். அந்த ஒழுக்கத்துக்குத்தான் நீங்கள் டாலர் கட்டுகிறீர்கள். நாம்? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினோம். அதற்குப் பிறகும் பல வருடம் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றோம். இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

நம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கே கடல் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம். அந்தக் கடலில்தான் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு ஒதுக்கியது. ஆவுளியா என்பார்கள் மீனவர்கள். கடலடிப் புல்லை மேய்கிற சாதுவான பிராணி, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். சில வருடங்களுக்கு ஒரு தடவை ஒரே ஒரு கன்று. வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிற மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வலை என்பது முதலீடு என்பதை மறந்துவிடாதீர்கள். 'அப்ப அங்கயே டைவ் அடிக்கலாமே சார்' என்று கிளம்பிவிடாதீர்கள். ஆழம் குறைவு, கலங்கல், உங்கள் காமிராவுக்கு ஒன்றும் அகப்படாது, புல்லை மிதித்து நாசமாக்குவதுதான் மிச்சம். சரபோஜி கட்டிய மனோராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மீனவர் ஒருவரிடம் ஆவுளியாவைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அரை நாள் போதும்.

'குளமெல்லாம் நாறுது, எங்க சார் நீந்தறது' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. மே மாதத்தில் ஆற்றில் தண்ணீரும் இருக்காது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பம்புசெட் தொட்டி இருக்கிறது, ஆறு வயதுப் பிள்ளை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடப் பழக அதுவே போதும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் மிதக்கப் பழகியிருக்க வேண்டும். கூடவே பெரியவர்கள் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும்: ஒருவன் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதே. கயிறு, வேட்டி, புடவை, மூடி போட்ட காலி எண்ணெய் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசு. அந்த மூன்று பாடைச் செய்தியில் இரண்டு பாடை இதனால் குறையும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே முதல் வாரத்திலிருந்து காலை ஆறு முதல் ஏழரை, மூன்று வாரம். குளத்துக் கட்டணத்தைக் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நாம் கட்ட வேண்டும். மாலத்தீவு கோஷ்டியும் பொனேர் கோஷ்டியும் தலைக்கு இரண்டு பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டால் நாற்பது பேர் ஆகிவிடுவார்கள். சம்மதம் என்கிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். தங்கள் பிள்ளையை அனுப்புகிறவர்கள் வயதையும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், என் மாணவிகளில் நீந்தத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். ஸ்டென்ட் அத்தானும் வரலாம், டாக்டர் சீட்டோடு.